மாத்திரையை விடச் சொல்பவர்களுக்கு

"தைராய்டு மாத்திரையைத் தொட்டால் சாகும்வரை விட முடியாது. அதனால் தொடாதே. தொட்டிருந்தால் விட்டுவிடு. சாப்பாட்டைச் சரிசெய், மூலிகையை எடு, சுரப்பி தானாக வேலை செய்யும்." குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள வடகரையில் இந்தப் பேச்சு நுழையாத வீடு குறைவு. அச்சன்புதூரிலும் பண்பொழியிலும் இதே பேச்சுதான். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கி, அருவிக்குப் போகும் பாதையில் மூலிகைக் கடைகள் களைகட்டும்போது இது இன்னும் சத்தமாகக் கேட்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "மைனி, நான் விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் போதும், அடுத்த வாரம் அந்தத் தெருவில் மூன்று மாத்திரை டப்பாக்கள் அலமாரிக்குள் போய்விடும்.

இந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஒரு ரசாயனம், அது சுரப்பியின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு அதைச் சோம்பேறியாக்குகிறது. நோய்க்குக் காரணம் உணவு: பாக்கெட் உப்பு, பிராய்லர் கோழி, உரம் போட்ட அரிசி, முட்டைக்கோஸ். உணவால் வந்ததை உணவால்தான் போக்க முடியும், கூடவே மூலிகையும் சத்து மாத்திரையும் துணை செய்யும். வாழ்நாள் மாத்திரை என்பது கம்பெனிக்கும் டாக்டருக்கும் வாழ்நாள் வருமானம். இப்படிச் சொல்பவர்கள் முட்டாள்கள் அல்லர். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தந்து அனுப்பப்பட்டவர்கள், மாத்திரை விழுங்கியும் அசதி தீராதவர்கள், பக்கத்து வீட்டில் ஒருவர் நிஜமாகவே தேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்தது பொய் அல்ல. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் நிற்காது.

1. மாத்திரைதான் சுரப்பியைக் கெடுத்தது என்றால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே டி.எஸ்.எச். ஏன் ஏறியிருந்தது?

டி.எஸ்.எச். கழுத்திலுள்ள தைராய்டிலிருந்து வருவதில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு ஒழுங்காகச் சுரந்தால் கட்டளை மெல்லிய குரலில் இருக்கும். சுரக்கத் திணறினால் குரல் உயரும். நான்கைந்துக்குள் இருக்க வேண்டியது முப்பது, அறுபது என்று ரிப்போர்ட்டில் வந்தால், சுரப்பி ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகுதான் மாத்திரை வருகிறது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

அப்படியானால் யார் கெடுத்தது? அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் நம் நோயெதிர்ப்பு அணுக்களே. நம்மைக் காக்க வேண்டியவை தைராய்டை அந்நியன் என்று நினைத்து அரித்துத் தின்கின்றன. 1912-ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இப்படி அரிக்கப்பட்ட சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார், நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று ரத்தத்தில் தைராய்டுக்கு எதிராக உருவாகும் டி.பி.ஓ. எதிர்ப்புப் பொருளைப் பார்த்தாலே இது தெரியும். இன்னும் சிலருக்குக் கழலைக்காகவோ புற்றுக்காகவோ சுரப்பியையே அறுத்து எடுத்திருப்பார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கழுத்தில் தழும்போடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய், சுரப்பி தானாக வேலை செய்யும் என்று சொல்வீர்களா? எந்தச் சுரப்பி?

ரசாயனம் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மாத்திரைக்குள் இருப்பது தைராக்சின். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டால் விலங்குச் சுரப்பிகளிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தது அதைத்தான். 1927-ல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்கரும் ஆய்வகத்தில் செய்து காட்டியதும் அதைத்தான். நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட அதே மூலக்கூறு இந்த நிமிடம் உங்கள் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரசாயனம் வேண்டாம் என்றால் அதையும் சேர்த்தல்லவா வேண்டாம் என்க வேண்டும்? "இயற்கை தைராய்டு மாத்திரை" என்று ஒன்றை அமெரிக்காவில் புகழ்வதை இங்கே சிலர் ஆசையோடு எடுத்துச் சொல்கிறார்கள். அது பன்றியின் தைராய்டை உலர்த்திப் பொடித்தது. வடகரையில் அதை எத்தனை பேர் வாயில் வைப்பார்கள் என்று சொல்பவர்களே யோசிக்கட்டும்.

சோம்பேறியாக்கும் வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. நல்ல சுரப்பி உள்ள ஒருவர் தேவையில்லாமல் தைராக்சின் விழுங்கினால் அவருடைய சுரப்பி ஓய்வெடுக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி சுரக்கும். நிறுத்திய பிறகும் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகிறது என்றால், அது மாத்திரை செய்த வேலை அல்ல.

2. "விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சாட்சியம் அல்ல, காலக்கணக்கு.

தைராக்சின் உடலில் மெதுவாகக் கரையும். இருப்பதில் பாதி தீர ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். இன்று நிறுத்தினால் அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் கால் பங்கு என்று இறங்கி, முழுக்கத் தீர ஐந்தாறு வாரங்கள் போய்விடும். மாத்திரையை நிறுத்தியவர் அதே நாளில் வேறென்ன செய்கிறார் என்று பாருங்கள். பேக்கரி பண்டத்தை விடுகிறார், சர்க்கரையைக் குறைக்கிறார், விடியற்காலையில் அனுமன் நதிப் பக்கம் நடக்கிறார். உடம்பு லேசாக இருக்கத்தான் செய்யும். பழைய மாத்திரை இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க, பேர் கஷாயத்துக்குப் போகிறது. அந்த லேசான உடம்போடுதான் அவர் பந்தியில் உட்கார்ந்து மைனிக்குப் புத்தி சொல்கிறார்.

மூன்றாம் மாதம் குரல் கரகரக்கும், முகம் உப்பும், மலம் கட்டும், மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவருக்குக் குளிரும். இவை ஒரே நாளில் வருவதில்லை என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயசாகிறது, சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே கொழுப்பு ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும்.

ஆனால் உண்மையிலேயே தேறியவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருத்து முழுவதும் அவர்கள் தோளில்தான் நிற்கிறது. பிள்ளை பெற்ற முதல் ஆண்டில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து பெண்களுக்குத் தைராய்டில் அழற்சி வரும். முதலில் அதிகமாகச் சுரந்து, பிறகு குறைந்து, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகச் சரியாகும். இன்னொரு கூட்டம் லேசான குறைபாட்டுக்காரர்கள்: டி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் ஏறி, தைராக்சின் அளவு சரியாகவே இருப்பவர்கள். இவர்களில் டி.எஸ்.எச். ஏழுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு, எந்த மருந்தும் இல்லாமலே, இரண்டு ஆண்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இயல்புக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டு கூட்டத்திலும் தானாகத் தேறப்போகிறவருக்கு என்ன கொடுத்தாலும் பலிக்கும். கொத்தமல்லித் தண்ணீர் கொடுங்கள், பலிக்கும். தாயத்து கட்டுங்கள், பலிக்கும். ஒன்றும் கொடுக்காதீர்கள், அப்போதும் பலிக்கும். தேறியவர் வீடியோவில் பேசுகிறார். தேறாதவர் வெட்கத்தோடு திரும்பிப் போய் பழைய மாத்திரையை வாங்கிக்கொள்கிறார், அவரைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

3. உணவுதான் நோயைக் கொண்டுவந்தது என்பவர்கள், பிராய்லர் கோழிக்கு முன்னால் இருந்த காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1888-ல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டி, முகம் வீங்கி, தோல் தடித்து, புத்தி மந்தமாகி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அவர்கள் பாக்கெட் உப்பையோ யூரியா போட்ட தானியத்தையோ கண்டதில்லை. 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடிருந்தார். சுத்தமான உணவு அதுவரை அவரைக் காப்பாற்றவில்லை. குறைந்த ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்ததுதான் காப்பாற்றியது.

4. உப்பை மாற்றச் சொல்வது எல்லாவற்றிலும் மோசமான யோசனை.

"அயோடின் உப்புதான் தைராய்டைக் கொண்டுவந்தது, இந்துப்புக்கு மாறு" என்கிறார்கள். மலைச்சரிவு மண்ணிலிருந்து மழை அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோகும், அதனால் மலையடிவாரப் பயிரில் அது குறையும் என்பது உலகமெங்கும் அறிந்த பொதுவிதி. இமயத்தின் அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. ராமலிங்கசாமியும் உடன் ஆய்வாளர்களும் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும் மற்றதற்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இடத்தில் குழந்தைகளின் கழுத்துக் கழலை குறைந்துகொண்டே போனது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது இந்த அனுபவத்தின் மேல்தான்.

இந்துப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் நம் தேவைக்குக் காணாது. விலையோ சாதா உப்பைப் போலப் பல மடங்கு. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நம்முடையது, தூத்துக்குடி இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் கூட இல்லை. ஆனால் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலமும் தமிழ்நாடுதான், சுமார் 62 விழுக்காடு. வெட்கப்பட வேண்டிய இந்த இடத்தில் நின்றுகொண்டு இன்னும் குறை என்கிறார்கள்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பின் தைராய்டுக் குறைபாடு ஓரளவு கூடியது. அயோடின் கூடும்போது சிலருக்கு நோயெதிர்ப்புத் தாக்குதல் தூண்டப்படலாம் என்பது உண்மை. அதற்காக எந்த நாடும் உப்பைக் கைவிடவில்லை. கர்ப்பத்தில் அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி போகும், அந்த இழப்பை எந்த மாத்திரையும் பிற்பாடு ஈடுகட்டாது. அரிக்கப்பட்டுப்போன சுரப்பிக்கோ உப்பை நிறுத்துவதால் மறுபடி உயிர் வரப்போவதில்லை.

5. முட்டைக்கோஸை விலக்கச் சொல்லும் அதே வாய் கம்பங்கூழைப் பரிந்துரைப்பது ஏன்?

கோஸ், காலிபிளவர், மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் பொருட்கள் இருப்பது நிஜம். கம்பிலும் அப்படிப்பட்டவை உண்டு. சூடானில் கம்பையே முக்கிய உணவாக உண்ணும் மக்களிடம் கழலை மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் அயோடின் பற்றாக்குறையும் ஒரே உணவும் சேர்ந்த இடத்துக் கதை. அமெரிக்காவில் 88 வயது சீன மூதாட்டி ஒருவர் மாதக்கணக்கில் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகவே பாக்சோய்க் கீரையைத் தின்று, தைராய்டு அடங்கி மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததை 2010-ல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த அளவுக்குத் தின்றால் பார்த்துக்கொள்ளலாம். செங்கோட்டைப் பக்கம் வேகவைத்துத் தண்ணீர் வடித்த கிழங்கை மீன்குழம்போடு சாப்பிடுகிறவர் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

6. சத்து மாத்திரை வேலை செய்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கடற்பாசி மாத்திரை: ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின்தான். பாசி மாத்திரையில் அதைப்போல் பல மடங்கு இருக்கலாம். அளவு மீறிய அயோடின் தைராய்டை அடக்கும் என்பதை 1948-லேயே வோல்ஃபும் சாய்காஃபும் காட்டிவிட்டார்கள். நோயுற்ற சுரப்பியோ அந்த அடியிலிருந்து எழுந்திருக்கத் தெரியாதது. செலினியம்: எதிர்ப்புப் பொருளின் அளவைக் கொஞ்சம் இறக்கியதாகச் சில ஆய்வுகள் உண்டு, மாத்திரை தேவையை ஒழித்ததாக இல்லை. அளவு மீறினால் முடி கொட்டும். முடி கொட்டுகிறதே என்றுதான் பலர் அதை வாங்குகிறார்கள் என்பது தனி வேடிக்கை. அமுக்கரா: டி.எஸ்.எச். லேசாக ஏறிய ஐம்பது பேரிடம் எட்டு வாரம் நடந்த ஒரு சிறு ஆய்வில் பலன் தெரிந்தது. இன்னொரு பக்கம், அதைச் சாப்பிட்டு தைராய்டு அளவு மீறி ஏறி நெஞ்சு படபடத்து வந்தவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். பயோட்டின் இவற்றுள் தந்திரக்காரன். அது தைராய்டை ஒன்றும் செய்யாது, ஆய்வகக் கருவியை ஏமாற்றும். பலவகைச் சோதனைகளில் டி.எஸ்.எச். குறைந்ததுபோலக் காட்டும். நோய் சரியாகிவிட்டது என்று ரிப்போர்ட் காட்டி மகிழ்பவர்களில் சிலர், சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தியிருந்தால் வேறு எண்ணைப் பார்த்திருப்பார்கள்.

2013-ல் அமெரிக்காவில் கடையில் விற்ற பத்து "தைராய்டு சத்து" மாத்திரைகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒன்பதில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இருந்தது, ஐந்தில் டி4 இருந்தது. அந்த டி4 வேறொன்றுமல்ல, எந்த ரசாயனத்தை விடச் சொல்கிறார்களோ அதுதான், அளவு எழுதாமல், பேர் சொல்லாமல். சுரப்பி முழுக்க அழிந்துபோன ஒருவருக்கு ஒரு பொடி நிஜமாகவே டி.எஸ்.எச்.சை இறக்குகிறது என்றால், அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பணக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். தைராக்சின் மாத்திரை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ரூபாய். அதை எதிர்த்துப் பேசும் வீடியோவின் கீழே விற்கும் டப்பாவின் விலையை நீங்களே பாருங்கள்.

7. டாக்டர்கள் மீது கோபமா? இருக்கட்டும், ஆனால் சரியான குற்றத்துக்காக இருக்கட்டும்.

தேவையில்லாதவர்களுக்கும் மாத்திரை எழுதப்படுகிறது. 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 65 வயதைத் தாண்டிய லேசான குறைபாட்டுக்காரர்கள் 737 பேரிடம் தைராக்சினால் அசதியோ மற்ற தொந்தரவுகளோ குறையவில்லை என்று காட்டியது. டி.எஸ்.எச். ஆறு என்ற ஒரே ரிப்போர்ட்டை வைத்து எழுபது வயதுப் பாட்டிக்கு ஆயுள் மாத்திரை எழுதுவது தவறு. அளவு மிஞ்சினால் எலும்பு தேயும், இதயம் தாளம் தப்பும். முறையான கேள்வி "ஏன் மாத்திரை?" அல்ல. "எனக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா? மறுபடி சோதித்துப் பார்த்தீர்களா?" என்பவையே.

மாத்திரை விழுங்கியும் அசதி போகாதவர்களில் பலருக்கு மாத்திரை உள்ளேயே போவதில்லை. விடிந்ததும் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் காப்பி. அப்புறம் டிபனோடு கால்சியம், இரும்புச் சத்து. காப்பி மாத்திரையை உறிஞ்ச விடாது, கால்சியமும் இரும்பும் அதைக் கட்டிப்போட்டுவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வாயைக் கட்ட வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி. காலையில் முடியாதவர் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். நோன்பு மாதத்தில் வடகரையில் பலர் ஒரு மாதம் முழுக்க விட்டுவிடுகிறார்கள். விடவே தேவையில்லை: ஸஹர் உணவுக்கு அரை மணி முன்போ, இரவு படுக்கும்போதோ போடலாம். இன்னொன்று, சாரல் மாதங்களில் மாத்திரையை டப்பாவிலிருந்து கொட்டி அடுப்பங்கரைத் தட்டில் வைப்பார்கள். ஈரத்திலும் சூட்டிலும் அது வீரியம் இழக்கும். இவையெல்லாம் சீட்டு எழுதியவர் சொல்லியிருக்க வேண்டியவை. சொல்லாதவர்களைக் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுசோதனை என்று தேதி எழுதித் தரச் சொல்லுங்கள்.

8. வாழ்க்கைமுறை நோய் என்பவர்கள் கர்ப்பத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் என்ன சொல்வார்கள்?

மாத்திரையை விடும் பெண்களில் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. உடம்பைச் சுத்தமாக்கிக்கொண்டு கர்ப்பம் தரிக்கலாம் என்ற நல்லெண்ணத்தோடு விடுகிறார்கள். கருவுக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு சுரக்காது. மூளை உருவாகும் அந்த நாட்களில் தாயின் தைராக்சின்தான் அதற்கும் சேர்த்து. அதனால்தான் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானதும் அளவு கூடுகிறது. நாள் தவறியது தெரிந்ததும் வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்வதே வழிகாட்டுநெறி. இந்த நேரத்தில் விடச் சொல்பவர் அவளோடு மட்டும் விளையாடவில்லை.

பிறக்கும்போதே தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தைகள் உண்டு. முதல் வாரத்தில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால், அதைப் பொடித்து ஒரு கரண்டித் தாய்ப்பாலில் கலந்து புகட்டினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்த புத்திவளர்ச்சி திரும்பாது. இந்தக் குழந்தை பிராய்லர் தின்றதில்லை, பாக்கெட் உப்பு தொட்டதில்லை, இரவு கண்விழித்துச் செல்போன் பார்த்ததில்லை. எந்த உணவை இதற்குச் சரிசெய்வீர்கள்?